உப்புக்காற்று ஊரில் வில்லுக்கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

இணையக் கடை விளம்பரத்தில் "டி2 உருக்கு, ரொக்வெல் 60, கறுப்புப் பூச்சு" என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழேயே பாதி விலையில் இன்னொன்று, "சத்திரசிகிச்சைத் தர உருக்கு" என்கிறது. பஜாரில் ஹாட்வெயார் கடையின் கண்ணாடி அலமாரிக்குள், சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை பதித்த கத்திகள் பல மடங்கு விலை வித்தியாசத்தில் கிடக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மடக்குக் கத்தி வேண்டும் என்று நினைப்பவர் எதை நம்புவது?

இந்த விளம்பரச் சொற்களில் பெரும்பாலானவை வறண்ட, குளிர்ந்த நாடுகளில் கத்தி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுந்தவை. இலங்கையின் கிழக்குக் கரை அப்படியல்ல. மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கல்முனையிலும் நிந்தவூரிலும் திருக்கோவிலிலும் கடற்காற்று வீட்டுக்குள் வந்து சன்னல் கம்பியைத் தின்கிறது. ஒக்டோபர் தொடங்கித் தை வரை மாரி. இந்த ஊர்களில் கத்தி வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி கூர்மை பற்றியதல்ல, கறள் பற்றியது. மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சொற்கள்

பேசுவதற்கு முன் உறுப்புகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். வெட்டும் தகடு அலகு. அலகின் கூரான ஓரம் வாய். எதிர்ப் பக்கம் முதுகு. அலகு மடங்கிச் சுழலும் இடத்தில் குறுக்கே போகும் ஆணி சுழலாணி. பிடியின் உட்புறம் இருபக்கமும் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள் உட்தகடுகள். மடக்கிய அலகு போய்ப் படுக்கும் பள்ளம் கூடு.

வில்லுக்கத்தி என்ற பெயரே பொறிமுறையைச் சொல்லிவிடுகிறது. பிடியின் முதுகுப் பக்கம் உருக்கு வில் ஒன்று அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் அலகைத் தன் இடத்தில் நிறுத்துவது அந்த வில்லின் அழுத்தம்தான். பேனாக்கத்தி என்ற பெயர், இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்ட சிறு கத்தியிலிருந்து வந்தது. மடக்கும் கத்தி நமக்கு வெளியிலிருந்து வந்த புதுமையும் அல்ல: ஏட்டில் எழுதிய காலத்தில் ஒரு முனையில் எழுத்தாணியும் மறு முனையில் ஓலை வாரும் கத்தியுமாகக் கைப்பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி தமிழர் இடுப்பில் இருந்தது. ஓலையை வாரவும் அதில் எழுதவும் ஒரே கருவி போதுமாயிருந்தது.

எந்த வேலைக்கு?

இந்தப் பகுதிகளில் ஒரு நாளில் சட்டைப் பைக் கத்திக்கு வரக்கூடிய வேலைகளை எண்ணிப் பார்த்தால் அளவு தானாகவே தெளிவாகும். உரப்பையின் தையல் நூலை அறுப்பது. வயலில் நைலோன் கயிற்றைத் துண்டிப்பது. கடைக்கு வந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கீறுவது. சொட்டு நீர்க் குழாயை நேராக வெட்டுவது. ஒட்டுக்கன்றுக்குச் சீவுவது. பஸ்ஸில் போகும்போது ஒரு மாம்பழம், ஒரு வெள்ளரிப்பிஞ்சு.

இவற்றில் எதற்கும் 7.5 சென்டிமீற்றருக்கு மேல் அலகு தேவையில்லை. 6 முதல் 7.5 வரை இருந்தால் போதும். அதைவிட முக்கியமானது தடிப்பு. அலகின் முதுகு 2 முதல் 2.5 மில்லிமீற்றர் வரை இருந்து, அங்கிருந்து வாய் வரை ஒரே சீராகச் சரிந்து மெலிந்தால் மாம்பழத்துக்குள்ளும் அட்டைக்குள்ளும் தடையின்றி இறங்கும். படங்களில் கம்பீரமாகத் தெரியும் 4 மில்லிமீற்றர் அலகு, எவ்வளவு தீட்டினாலும் ஆப்பு மாதிரிப் பிளக்குமே தவிர வெட்டாது. கூர்மை என்று நாம் கையால் உணர்வதில் பாதி, வாய்க்குப் பின்னால் உள்ள இந்த மெலிவுதான். கடைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கூடுதல் காசு கொடுத்து, இன்னும் தடித்த கத்தியை வாங்கிப் போகிறவர்கள் பலர்.

இளநீர் சீவுவது, கோழி வெட்டுவது, வேலிக் கம்பு தறிப்பது ஆகியவை இந்தக் கத்தியின் வேலைகள் அல்ல. அதற்கு வெட்டுக்கத்தி இருக்கிறது. மீன் வெட்டவும் மடக்குக் கத்தி ஆகாது: இரத்தமும் செதிலும் சுழலாணிக்குள் புகுந்தால் மணமும் போகாது, கறளும் நிற்காது.

உருக்கும் உப்பும்

உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு காபனும் சேர்ந்த கலப்புலோகம். காபன்தான் அதைக் கடினமாக்க உதவுகிறது. போதிய காபன் இல்லாத இரும்பு எவ்வளவு காய்ச்சி நீரில் தோய்த்தாலும் வாய் நிற்காது. கத்திக்குப் பொதுவாக 0.5 வீதம் முதல் 1 வீதம் வரை காபன் போதும்.

கறளைத் தடுப்பது குரோமியம். உருக்கில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் இருந்தால் அதைக் கறள் பிடிக்காத உருக்கு என்ற வகையில் சேர்ப்பார்கள். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் அது மீண்டும் உருவாகிவிடும். கறள் பிடிக்காமை என்பது முழுக்க இந்தப் படலத்தின் தயவு.

இங்கேதான் உப்பு வருகிறது. கடற்காற்றிலும் வாவி நீரிலும் வியர்வையிலும் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கிறது. திறந்த மேற்பரப்பில் உடைந்தால் ஒட்சிசன் அதைத் திருத்திவிடும். சுழலாணியைச் சுற்றியும் உட்தகட்டுக்கும் அலகுக்கும் இடையிலும் நீர் தங்கும் இடுக்குகளில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. உடைந்த படலம் திரும்ப உருவாகாது. அங்கே குழி குழியாக அரிப்பு இறங்கும். வெளியே பளபளவென்றிருக்கும் கத்தி ஒருநாள் திறக்க மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர்க் கொல்லர் லொறியின் வில்தகட்டில் அடித்துத் தரும் கத்தியில் குரோமியம் மிகச் சொற்பம். ஆனாலும் அது பல வருடம் உழைக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். அது மடங்காத கத்தி. அதன் ஒவ்வொரு பக்கமும் கைக்கு எட்டும்; தினமும் கல்லில் உரசுகிறார்கள், துடைக்கிறார்கள், மேலே கறள் வந்தால் அடுத்த நாளே போய்விடுகிறது. மடக்குக் கத்தியின் உட்புறத்தை யாரும் உரசுவதில்லை. ஒரே உருக்கு, வடிவம் மாறியதும் வேறு விதமாக அழிகிறது.

அடுத்தது, விளம்பரங்கள் அதிகம் குழப்பும் இடம். குரோமியம் எத்தனை வீதம் என்று மட்டும் பார்த்தால் போதாது. காபன் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உருக்கில் காபன் கூடும்போது அது குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டு என்னும் கடினத் துணிக்கைகளாக மாற்றிவிடுகிறது. அந்தத் துணிக்கைகள் தேய்மானத்தைத் தாங்கும், வாய் நெடுநாள் நிற்கும். ஆனால் அவற்றுக்குள் சிறைப்பட்ட குரோமியம் படலம் உண்டாக்க வராது.

டி2 உருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் ஏறக்குறைய 12 வீதம். எல்லைக்கு மேலே இருக்கிறது. காபனோ 1.5 வீதம். குரோமியத்தின் கணிசமான பங்கு காபைட்டுகளில் முடங்கிவிடுகிறது. இது தொழிற்சாலை அச்சுகளுக்கு உருவான உருக்கு. அங்கே அது அருமையானது. இன்று மலிவு விலை மடக்குக் கத்திகளில் இது மிகப் பரவலாக வருகிறது, வாய் நிற்பதிலும் குறை சொல்ல முடியாது. அம்பாறை நகரிலோ அதற்கும் மேற்கே உட்பகுதியிலோ இருந்து, துடைத்து எண்ணெய் போடும் பழக்கமுள்ளவருக்கு டி2 நல்ல தெரிவு. காத்தான்குடியிலோ பொத்துவிலிலோ வியர்வை படிந்த காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பவருக்கு அது தலைவலி.

கரையோரத்தாருக்குப் பொருந்தக்கூடியவற்றை, கறள் எதிர்ப்புக் குறைவிலிருந்து கூடும் வரிசையில் தருகிறேன்:

1. 8சிஆர்13எம்ஓவி: சீனத் தயாரிப்பு. காபன் ஏறக்குறைய 0.8, குரோமியம் ஏறக்குறைய 13 வீதம். மலிவு, தீட்ட இலகு. கவனித்தால் தாக்குப்பிடிக்கும், கவனிக்காவிட்டால் புள்ளி விழும்.

2. 12சி27, 14சி28என்: சுவீடன் உருக்குகள். முன்னதில் காபன் 0.6, குரோமியம் 13.5 வீதம். பின்னதில் காபனின் வேலையில் ஒரு பங்கை நைதரசன் செய்கிறது. குரோமியம் 14 வீதம். நைதரசன் கடினமாக்கவும் உதவும், கறளையும் தடுக்கும். விலைக்கும் பலனுக்கும் இடையில் இந்தக் கரைக்கு மிகச் சரியான தெரிவு 14சி28என் என்பதே என் கணிப்பு.

3. சுவிஸ் விக்டோரினொக்ஸ் கத்திகளில் வரும் உருக்கு: காபன் ஏறக்குறைய 0.5, குரோமியம் ஏறக்குறைய 15 வீதம். வாய் சீக்கிரம் மழுங்கும், இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூராகும், கறள் அரிது.

4. எச்1, எல்சி200என்: காபனைக் குறைத்து நைதரசனைச் சேர்த்து, கடல் வேலைக்காகவே தெரிவு செய்யப்படும் உருக்குகள். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் இவை போன்ற உருக்குகளில் 'சோல்ட்' (உப்பு) என்ற பெயரிலேயே ஒரு வரிசைக் கத்திகளைச் செய்கிறது. விலை அதிகம். தினமும் உப்புநீரில் கை வைப்பவருக்கே அந்தச் செலவு நியாயம்.

அலகில் வெறுமனே "440" என்று மட்டும் பொறித்திருந்தால் நம்ப வேண்டாம். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. காபன் அளவு ஒன்றுக்கொன்று வேறு. "சத்திரசிகிச்சைத் தர உருக்கு" என்பதற்கு வரையறுத்த கலவை எதுவும் கிடையாது. "கறள் பிடிக்காதது" என்று மட்டும் எழுதியிருந்தால், அது சாப்பாட்டுக் கரண்டி செய்யும் உருக்காகவும் இருக்கலாம்.

கறுப்புப் பூச்சு பக்கங்களைக் காக்கும். வாயில் பூச்சு இருக்காது, தீட்டியதும் போய்விடும். சுழலாணித் துளையிலும் பெரும்பாலும் உதவாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

ரொக்வெல் 60 என்றால்?

கூம்பு வடிவ வைர முனை ஒன்றைக் குறித்த பாரத்தில் உலோகத்தின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பதே ரொக்வெல் சி அளவீடு. குறைவாக இறங்கினால் எண் கூடும். மலிவான மென்னுருக்குக் கத்திகள் 52 அளவில் நிற்கும். விக்டோரினொக்ஸ் அலகு ஏறக்குறைய 56. நல்ல இடைத்தரக் கத்திகள் 57 முதல் 60 வரை.

எண் கூடினால் வாய் மடங்காது. ஆனால் சில்லு விழும் வாய்ப்புக் கூடும், தீட்டவும் நேரம் எடுக்கும். உரப்பைக்குள் கல் இருந்து அதன் மேல் பட்டால், 56இல் உள்ள வாய் மடங்கும், கல்லில் இரண்டு இழுப்பில் நேராகும். 61இல் உள்ளது பொடிச் சில்லாக உதிரும். அதை எடுக்க வாய் முழுவதையும் தேய்க்க வேண்டும். வைரக் கல் இல்லாத வீட்டுக்கு 56 முதல் 59 வரையே தோது. இந்த எண்ணைத் தயாரிப்பாளர் சொன்னால் உண்டு. கடையில் நின்று யாராலும் அளந்து பார்க்க முடியாது. அதனால் பெயர் தெரியாத கத்தியின் பெட்டியில் அச்சடித்த 60ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பூட்டு வேண்டுமா?

திறந்த அலகு வேலையின் நடுவில் விரல் மேல் மடங்காமல் இருக்கவே பூட்டு. நான்கு வகை பரவலாகக் கிடைக்கும்.

பூட்டே இல்லாத வில்லு வகை. வெட்டும் திசையில் அழுத்தும்வரை அலகு அசையாது. முனையால் குத்தித் துளைத்தாலோ முதுகுப் பக்கம் பாரம் விழுந்தாலோ மடங்கும். பழம், நூல், தாள், ஒட்டுநாடா இவற்றுக்கு இதுவே போதும்.

முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் உள்ள நெம்பு அலகின் அடியிலுள்ள வெட்டுக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். உறுதியானது. மணல் புகுந்தால் முழுமையாக விழாமல் பாதியில் நிற்கும். பாசிக்குடா மணலில் இருந்து எழுந்ததும் அந்த வெட்டைக் கழுவிப் பார்க்க வேண்டும்.

உட்தகட்டுப் பூட்டு. உட்தகட்டின் ஒரு பகுதி வில்லாக வளைந்து அலகின் அடியில் போய் நிற்கும். 1980களின் தொடக்கத்தில் மைக்கல் வோக்கர் என்ற அமெரிக்கக் கத்தித் தொழிலாளர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. இதில் ஓர் எச்சரிக்கை: மூடும்போது பெருவிரல் அலகின் பாதையில் நிற்கிறது. பழக்கமில்லாதவர் கையை வெட்டிக்கொள்வது இங்கேதான்.

வளையப் பூட்டு. பிரான்சின் ஒபினெல் கத்தியில் உள்ளது. 1890இல் சவோய் மலைப்பகுதியில் யோசெப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில் 1955இல் இந்தச் சுழலும் வளையம் சேர்ந்தது. அமைப்பு எளிது, அலகு மெல்லியது, வெட்டு அபாரம். 6ஆம் இலக்கம் ஏறக்குறைய 7 சென்டிமீற்றர், 8ஆம் இலக்கம் 8.5. ஆனால் மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். அலகு பிடிக்குள் இறுகித் திறக்க மறுக்கும். வாங்கியவுடன் பிடியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து உலர்த்தினால் இது குறையும், முற்றாகத் தீராது. இரண்டு வகை அலகிலும் கிடைக்கும்: காபன் உருக்கை இந்தக் கரையில் தவிர்த்து, கறள் பிடிக்காத அலகைக் கேட்டு வாங்குங்கள்.

விளம்பரக் காணொளிகளில் கத்தி முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பூட்டின் பலத்தைக் காட்டுகிறார்கள். நூல் அறுக்கவும் பழம் வெட்டவும் அந்தப் பலம் எப்போதும் தேவைப்படுவதில்லை. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மடக்குக் கத்தியால் நெம்பக் கூடாது. முறிவது பூட்டல்ல, அலகின் முனை.

பிடியும் சாரமும்

கத்தி பற்றிய அறிவுரைகள் எல்லாம் காற்சட்டைப் பையைக் கணக்கில் எடுத்து எழுதப்படுபவை. பை ஓரத்தில் மாட்டும் கவ்வி, அலகில் பெருவிரல் நுழையும் வட்டத் துளை ஆகிய இரண்டையும் 1981இல் ஸ்பைடர்கோ ஒரே கத்தியில் கொண்டுவந்தது. அதன்பின் அவை பொது வழக்காகிவிட்டன. வயலிலும் வாவியிலும் சாரம் கட்டி நிற்பவருக்குக் கவ்வியால் பயனில்லை. அவருக்கு வேண்டியது பிடியின் நுனியில் கயிறு கோக்க ஒரு துளை. மெல்லிய நைலோன் கயிற்றைக் கோத்து அரைநாணிலோ சாரக்கட்டிலோ முடிந்துவிட்டால், வள்ளத்தில் இருந்து குனியும்போது கத்தி வாவிக்குள் போகாது. 60 கிராமுக்கு உட்பட்ட எடை இதற்கு ஏற்றது.

பிடி எதில் செய்தது என்பதில் நீண்ட யோசனை தேவையில்லை. நைலோனும் கண்ணாடி இழைப் பிளாத்திக்கும் ஈரத்தைப் பொருட்படுத்தாதவை. மரம் அழகு, ஊதும். கொம்பும் எலும்பும் வெடிக்கும். முழுக்க உலோகப் பிடி ஈரக்கையில் வழுக்கும்.

பிடியின் முதுகு திறந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் நீர் ஊற்றிக் கழுவலாம், வெயிலில் காயும். முழுதும் மூடிய கூட்டுக்குள் போன உப்பும் மணலும் வெளியே வரா.

ஒரு கையில் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறக்க வேண்டியவருக்கு வட்டத் துளையோ பெருவிரல் குமிழோ அவசியம். இயந்திர வள்ளத்தின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் ஈரமான நைலோன் கயிற்றை அறுக்க ரம்பப் பல் வாய், சாதாரண வாயைவிட விரைவாக வேலை செய்யும். ஆனால் கடலுக்குப் போகிறவருக்கு உண்மையான பதில், உறையில் செருகிய மடங்காத சிறு கத்திதான். திறக்கும் அந்த ஒரு கணம் கூட அங்கே வீணாகக் கூடாது.

கையில் எடுத்ததும்

கடையில் வைத்தே பார்க்கக்கூடியவை இவை.

1. மடக்கிய நிலையில் அலகு கூட்டின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு தகட்டில் உரசினால் சுழலாணி சரியில்லை.

2. திறந்து, முதுகைப் பிடித்து இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் மெல்ல அசைத்துப் பாருங்கள். இடவல அசைவைத் திருகாணி இறுக்கிச் சரிசெய்யலாம். மேல்கீழ் அசைவு பூட்டின் குறை, வாங்க வேண்டாம்.

3. வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மொட்டை. இருபக்கச் சரிவும் ஒரே அகலமாக, பிடியின் அருகிலிருந்து முனை வரை சீராக இருக்க வேண்டும்.

4. சுழலாணி திருகாணியா, அடித்துப் பொருத்திய ஆணியா? திருகாணி என்றால் கழற்றிக் கழுவலாம். சுவிஸ் வகைக் கத்திகளில் அடித்த ஆணிதான் இருக்கும். அவற்றின் கூடு முதுகும் மூடியது. அவை தப்புவது உருக்கினால்தான், ஆனாலும் இளஞ்சூட்டு நீரில் திறந்து மூடிக் கழுவ வேண்டும்.

5. சுவிஸ் கத்தியென்று விற்றால் பெரிய அலகின் அடியில் பொறிப்பைத் தேடுங்கள். விக்டோரினொக்ஸ் என்ற பெயர் அங்கே தெளிவாக வெட்டப்பட்டிருக்கும். கார்ல் எல்செனர் 1884இல் இபாக் ஊரில் தொடங்கிய பட்டறையின் பெயர் அது: தாயார் விக்டோரியாவின் பெயரோடு, கறள் பிடிக்காத உருக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் சேர்ந்து உருவானது. போலிகளில் சிலுவை மட்டும் இருக்கும், பொறிப்பு இருக்காது அல்லது மங்கலாக அச்சடித்திருக்கும். கத்தரிக்கோலின் வில் தளர்ந்திருப்பதும் போலிக்கு அடையாளம்.

தீட்டுவதும் காப்பதும்

சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தீட்டுவது வெட்டுக்கத்திக்குச் சரி. மெல்லிய வில்லுக்கத்தி அலகைக் கொடுக்காதீர்கள். கடினமாக்கிய உருக்கைக் குறித்த வெப்பத்தில் பதப்படுத்தியிருப்பார்கள். சக்கரத்தின் உராய்வில் வாய் அதைத் தாண்டிச் சூடானால் பதம் போய்விடும். வாயோரம் நீல நிறம் படர்ந்தால் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த இடம் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் போகும்வரை தேய்த்து எடுக்க வேண்டும்.

கையால் தீட்டுங்கள். இருபுறமும் பரல் உள்ள சாதாரணக் கல் போதும். ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவில் சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வைக் கண்ணுக்குப் பழக்க ஒரு வழி: தாளின் மூலையை ஒருமுறை மடித்தால் 45 பாகை, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லருகே நிறுத்தி அலகை அதே அளவில் சாய்த்துத் தொடங்குங்கள். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறு பக்கத்தில் மெல்லிய பிசிறு எழும், நகத்தில் தட்டுப்படும். அது வாய் நீளம் முழுவதும் எழுந்த பின்பே பக்கம் மாற்ற வேண்டும். கூர் வரவில்லை என்று கையை விரிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிசிறு வருமுன் பக்கம் மாற்றியவர்கள். கல் இல்லாத அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையம் நன்றாக உதவும்.

உப்பு பட்ட நாளில் நல்ல தண்ணீரில் கழுவி, திறந்து வைத்துக் காயவிட்டு, சுழலாணியில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பழம் வெட்டும் கத்தியானால் அலகில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். புளிப்பு மாங்காய் வெட்டினால் உடனே கழுவ வேண்டும். அமிலமும் அலகில் கறை விடும்.

சட்டம், சோதனை, பயணம்

2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின்போது, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அடுத்து வந்த வாரங்களில் நாடெங்கும் நடந்த தேடுதல்களின்போது வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் கேட்டனர். அன்றாட வேலைக்கான கத்திகள் அதில் சேரவில்லை. என்றாலும் எது அன்றாடக் கத்தி, எது ஆயுதம் என்ற பயம் இந்த மாவட்டங்களில் அப்போது பலரைப் பிடித்தது, சிலரை இன்னும் விடவில்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 315ஆம் பிரிவு, வெட்டவோ குத்தவோ பயன்படும் கருவியால் ஒருவருக்குக் காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாகக் கொள்கிறது. அங்கே அலகின் நீளம் பேசப்படுவதில்லை. 6 சென்டிமீற்றர் பேனாக்கத்தியும் கைகலப்பில் வெளியே வந்தால் அந்த வரையறைக்குள் வந்துவிடும்.

எனவே தோற்றத்தையும் கணக்கில் எடுங்கள். சிவப்பு, பச்சைப் பிடியோடு கத்தரிக்கோலும் டின் திறப்பானும் சேர்ந்த சிறு கத்தி, சோதனைச் சாவடியில் பையைத் திறக்கும்போது கருவியாகத் தெரியும். கறுப்பு அலகும் இருபக்கக் கூர் வடிவ முனையும் உள்ளது அப்படித் தெரியாது. பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து திறப்பதை வாங்கவே வேண்டாம். அதற்கு அன்றாட வேலை எதுவும் கிடையாது. நீதிமன்றம், பரீட்சை மண்டபம், அரசியல் கூட்டம், திருவிழா நெரிசல் ஆகியவற்றுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள்.

விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோக முடியாது. பறிமுதலாகும், அதோடு விசாரணையும் வரலாம். இலண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் வாங்கி வருவதானால் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். அவர் வாங்கிவரும் கத்தியில் பூட்டு இல்லாதிருந்தால் மலிவுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, தகுந்த காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. அதனால் அங்கே உயர்ந்த உருக்கில் பூட்டின்றிச் செய்த நல்ல கத்திகள் பல விற்பனைக்கு இருக்கின்றன. 3 அங்குலம் என்பது 7.6 சென்டிமீற்றர். உரப்பைக்கும் மாம்பழத்துக்கும் நாம் மேலே கணித்த அளவும் ஏறக்குறைய அதுதான். உருக்கின் பெயரை மட்டும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள்.